வலியைத் துண்டு துண்டாகச் சொல்லாதீர்கள்: மார்பகக் குறைப்பு பற்றி முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பெண் தன் மருத்துவ ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் பேச வந்தாள். வயது 28. மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த ஆபரேஷன் நடந்து 7 வருடம் ஆகிறது. அதனால் தெரிந்தவர்கள் மூலமாக இப்படி அவ்வப்போது யாராவது வருவார்கள். ஃபைலைப் புரட்டினேன். கழுத்து எக்ஸ்ரே, தலைவலி மாத்திரைச் சீட்டு, தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பு, பிசியோதெரபிக்குப் போய்வந்த அட்டை. 40 பக்கத்துக்கு மேல் இருந்தது. ஓரிடத்தில்கூட ‘மார்பகம்’ என்ற சொல் இல்லை.

என் பழைய ஃபைலும் அப்படித்தான் இருந்தது. அவள் போன பிறகு மனசு ஆறவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். தகுதியுள்ள பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள், சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## வலியைத் துண்டு துண்டாகச் சொல்வது

நான் 11 வருடம் இதைத்தான் செய்தேன். கழுத்து வலிக்கு எலும்பு டாக்டர். மார்புக்கு அடியில் மடிப்பில் வரும் அரிப்புக்கும் புண்ணுக்கும் தோல் டாக்டர். தலைவலிக்குக் குடும்ப டாக்டர். சுண்டு விரல் மரத்துப்போகிறது என்று நரம்பு டாக்டர். நான்கு பேரும் நல்ல டாக்டர்கள். காட்டியதைப் பார்த்தார்கள், பார்த்ததற்கு மருந்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்த பாரத்தைப் பற்றி மட்டும் நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. வெட்கம்.

அந்தப் பாரம் என்ன செய்கிறது என்று பாருங்கள். முன்பக்க எடை மேல்முதுகைக் கூன வைக்கிறது. தலையை நிமிர்த்திப் பிடிக்கக் கழுத்துத் தசைகள் நாள் முழுக்க வேலை செய்கின்றன. அதிலிருந்துதான் பலருக்குத் தலைவலி கிளம்புகிறது. பிரா பட்டை தோளில் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுகிறது. சிலருக்குக் கை விரல் வரை மரத்துப்போகிறது. மார்பின் அடியில் தோலும் தோலும் ஒட்டி வியர்வை தங்கிப் புண்ணாகிறது. களிம்பு போட்டால் புண் ஆறும். ஆனால் மடிப்பு அங்கேயேதான் இருக்கும், உடம்பு வியர்த்ததும் புண் திரும்ப வரும்.

பிசியோதெரபி கொடுத்தவர் ஒரு நாள் என்னைக் கேட்டார், “எதைச் செய்தால் வலி குறைகிறது?” என்று. “படுத்தால்” என்றேன். உண்மையான பதில் எனக்குத் தெரியும். தினமும் ராத்திரி பிராவைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் மார்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பேன். அந்த ஐந்து நிமிடம் கழுத்தில் வலியே இருக்காது. இந்த ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவருக்குப் புரிந்திருக்கும். சொல்லவில்லையே என்று இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கடைசியில் சர்ஜனிடம் போனபோது அவர் முதலில் கேட்டது பழைய பதிவுகளை. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பல இதை அழகுக்காகச் செய்யும் சிகிச்சை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ளும். பெரிய மார்பகத்தால்தான் இந்தத் தொல்லைகள், இத்தனை மாதம் வேறு வழிகளைப் பார்த்தும் தீரவில்லை என்று எழுத்தில் கேட்கும். எத்தனை கிராம் திசுவை எடுக்கப்போகிறார்கள் என்பதை உயரத்துக்கும் எடைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கும் நிறுவனங்களும் உண்டு. ஷ்னர் என்ற சர்ஜன் 1991-ல் வெளியிட்ட அளவுகோலை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். என்னிடம் 11 வருடக் காகிதம் இருந்தது. ஒன்றிலும் காரணம் இல்லை. விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். முதலிலிருந்து பதிவுகளைச் சேர்க்க இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது.

பணமும் காலமும் போனது ஒரு பக்கம். அதற்கு முன்பே மூன்று முறை ‘ஆபரேஷன் எல்லாம் அதிகப்படி, வேண்டாம்’ என்று நானே முடிவெடுத்திருக்கிறேன். ஏன் அப்படித் தோன்றியது? தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தத் தொல்லையும் ஆபரேஷன் அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. கழுத்து வலி யாருக்குத்தான் இல்லை? அரிப்புக்காக யாராவது மயக்க மருந்து கொடுத்துக்கொண்டு படுப்பார்களா? ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு துண்டை வைத்தே முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த அன்றுதான் என் வாழ்க்கையில் இது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. ஓடுவதை விட்டிருந்தேன். குப்புறப் படுப்பதை விட்டிருந்தேன். குழுப் படம் எடுத்தால் பின்வரிசைக்குப் போய்விடுவேன்.

அதனால் ஒரு மாதம் எழுதுங்கள். எப்போது எங்கே வலித்தது, எதைச் செய்தால் குறைந்தது, புண் வந்த தேதிகள், நீங்கள் கைவிட்ட காரியங்கள். தோள் பள்ளத்தையும் புண்ணையும் படம் எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் கொண்டுபோய், முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: “என் மார்பகம் பாரமாக இருக்கிறது, அதனால்தான் இந்தத் தொல்லைகள் என்று நினைக்கிறேன்.” அந்தப் பெண்ணை என் முன்னால் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். முதல் தடவை “மேல்பகுதி அக்கா” என்றாள். இரண்டாம் தடவை கையை மட்டும் காட்டினாள். மூன்றாம் தடவைதான் வார்த்தை வந்தது. டாக்டர் தன் குறிப்பில் அந்த வார்த்தையை எழுதினாரா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

## ‘எடை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்’

மார்பகத்தில் கொழுப்பும் உண்டு, சுரப்பித் திசுவும் உண்டு. எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். எடை குறைந்தால் சிலருக்கு மார்பும் நன்றாகக் குறையும், சிலருக்கு அசையாது. நான் 9 கிலோ குறைத்தேன். பிராவின் சுற்றளவு குறைந்தது, பாரம் அப்படியே இருந்தது. எடைக் குறைப்பு, பிசியோதெரபி, விசேஷ பிரா எதுவும் நீடித்த நிவாரணம் தரவில்லை, அறுவை சிகிச்சைதான் தந்தது என்று 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வே சொல்கிறது.

ஆனால் டாக்டர் எடையைப் பற்றிப் பேசினால் உடனே கோபப்படவும் வேண்டாம். எடை மிக அதிகமாக இருந்தால் தையல் ஆறுவதில் சிக்கல் கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு நிறைய எடை குறைந்தால் மார்பு தொய்ந்துவிடும், கூடினால் மறுபடி பெரிதாகலாம். “எத்தனை கிலோ, எத்தனை மாதத்துக்குள்?” என்று கேளுங்கள். கெடு இல்லாமல் ‘குறைத்துவிட்டு வா’ என்று மட்டும் சொன்னால் வேறொரு டாக்டரையும் பாருங்கள்.

## கப் அளவைச் சொல்லிவிட்டு வருவது

“எனக்கு சி கப் வேண்டும்” என்றேன். சர்ஜன் பொறுமையாகச் சொன்னார்: ஒரு கம்பெனியின் சி இன்னொரு கம்பெனியில் டி. அவர் பார்ப்பது கிராம் கணக்கை. காம்புக்கு ரத்தம் போகும் வழியைக் காப்பாற்றிக்கொண்டு எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவுதான் எடுப்பார். உங்களுக்கு என்ன செய்ய முடிய வேண்டும் என்று சொல்லுங்கள். ஓட வேண்டுமா, குப்புறப் படுக்க வேண்டுமா, உடம்போடு ஒத்துப்போனால் போதுமா. ரொம்பச் சின்னதாக வேண்டும் என்று நினைத்தால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எடுத்த திசுவைத் திரும்ப வைக்க முடியாது.

## நிகோட்டின்

சிகரெட், புகையிலையை ஆபரேஷனுக்கு முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரம், குறைந்தபட்சம் நிறுத்த வேண்டும். வேப் என்னும் மின்சிகரெட், தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச், நிகோட்டின் சூயிங்கம் எல்லாம் இதில் சேர்த்தி. காம்பே அழுகிப்போகலாம்.

## தாய்ப்பால் கேள்வியைத் தள்ளிப்போடுவது

கல்யாணம் ஆகாத பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். குழந்தை பெற்றவர்கள் இனி தேவையில்லை என்று விடுகிறார்கள். வழக்கமான முறைகளில் காம்பை அடியிலுள்ள திசுவோடு விட்டுவிட்டுத்தான் மேலே நகர்த்துகிறார்கள். அதனால் பலரால் பிறகு பால் கொடுக்க முடிகிறது. சிலருக்குப் போதுமான அளவு சுரக்காது. யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மார்பகம் மிகப் பெரிதாக இருந்தால் சில சமயம் காம்பைத் தனியாக எடுத்து மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் பால் கொடுக்க முடியாது, காம்பின் உணர்ச்சியும் பெரும்பாலும் போய்விடும். “எனக்கு எந்த முறை செய்வீர்கள்?” என்று பெயர் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கர்ப்பம் மார்பகத்தின் அளவை மறுபடி மாற்றலாம். சீக்கிரமே குழந்தை வேண்டும் என்றால் எதை முன்னால் வைப்பது என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

## மேமோகிராம்

40 தாண்டியிருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ, மார்பகத்தை எடுக்கும் இந்த எக்ஸ்ரேயை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

## ஒரு வருடத் தழும்பை மட்டும் பார்ப்பது

காட்டுகிற படங்களில் பெரும்பாலும் எல்லாம் ஆறி மங்கிய தழும்புதான் இருக்கும். மூன்றாவது வாரத்துப் படத்தைக் கேளுங்கள். காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, பிறகு மடிப்பின் நீளத்துக்கு என்று கோடுகள் சிவந்து தடித்திருக்கும். கீழே கோடுகள் சேரும் இடத்தில் தையல் கொஞ்சம் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும். எனக்கும் விட்டது. கட்டு மாற்றி மாற்றி ஐந்து வாரத்தில் ஆறியது. முன்பே யாராவது சொல்லியிருந்தால் அன்று ராத்திரி அப்படி அழுதிருக்க மாட்டேன். தழும்பு மங்க ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும்.

## வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் தேதி வாங்குவது

4 முதல் 6 வாரம் கனமானது எதையும் தூக்கக் கூடாது. கைக்குழந்தையும் கனம்தான்.

## பதில் ‘சரி’ என்றுதான் இருக்க வேண்டும் என்று நினைப்பது

என்னிடம் வந்தவர்களில் ஒருவர் நான் சொன்னபடி எல்லாம் செய்தார். ஒரு மாதம் எழுதினார், சர்ஜனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். காம்பின் உணர்ச்சி குறையலாம், நிரந்தரமாகவே போகவும் வாய்ப்பு உண்டு என்று சர்ஜன் சொன்னதும், வேண்டாம் என்று முடிவெடுத்தார். அவர் கணவரும் அக்காவும் வற்புறுத்திப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. “வலி எனக்குப் பழகிவிட்டது, இது போனால் பழகாது” என்றார். சரியான அளவில் பிரா மாற்றிக்கொண்டு, மேல்முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி செய்கிறார். வலி முழுதாகப் போகவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு மறுபடி யோசிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய தாள் பத்திரமாக இருக்கிறது.