தலைவரம்மாவே கூட்டத்தை நடத்தட்டும்

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். ஆனாலும் குழுவின் தலைவராக இருக்கும் அம்மாவிடம் கையெழுத்து மட்டும் வீடு தேடிப் போய் வாங்கப்படுவதுண்டு. முதல் காரணம், கூட்ட நேரம். மேட்டூர் அணை திறந்து குறுவை நெல் நடவு தொடங்கிவிட்டால் வயலுக்குப் போனவர் பிற்பகலில்தான் கரையேறுவார். மாலை 4 மணிக்கு வையுங்கள்.

முந்தைய நாளே தலைவரம்மாவிடம் தீர்மான நோட்டைக் கொடுத்து, ஒரே ஒரு பொருளை அவர் வாயால் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்: "கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. யார், எப்போது போடுவது?" மூன்று பொருள் கொடுத்தால் தடுமாறி, தலைமையாசிரியரையே பேசச் சொல்லிவிடுவார். நடு நாற்காலி அவருக்குத்தான். கணவர் குறுக்கே பதில் சொன்னால், "தலைவரம்மா, நீங்க சொல்லுங்க" என்று அவரையே பார்த்துக் கேளுங்கள். தீர்மானத்தை உரக்க வாசித்த பிறகே கையெழுத்து.