0.2 சதவீத ஈல்டு வலிமையை வரைபடத்திலிருந்து எடுப்பது எப்படி?

இழுத்த உலோகம், விட்ட பிறகும் பழைய நீளத்துக்குத் திரும்பாமல் நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவுதான் (ஓர் அலகுப் பரப்பின் மீதான விசை) ஈல்டு வலிமை. மென் எஃகில் அந்த இடம் வரைபடத்தில் தெளிவாகத் தெரியும். அலுமினியத்தில் கோடு மெல்ல வளைந்துகொண்டே போகும், அதற்குத்தான் 0.2 சதவீத முறை.

12.5 மி.மீ. விட்டமுள்ள உருளை மாதிரிக்குக் குறுக்குப் பரப்பு 122.7 ச.மி.மீ. விட்டத்தை மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் அளந்துகொள்ளுங்கள். அதில் 1 சதவீதப் பிழை தகைவில் 2 சதவீதமாகிவிடும். 50 மி.மீ. அளவு நீளத்தில், மாதிரியின் நீட்சியை அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரைப் பொருத்தி இழுங்கள். விசையைப் பரப்பால் வகுத்தால் தகைவு, நீட்சியை 50ஆல் வகுத்தால் திரிபு. திரிபைக் கிடை அச்சிலும் தகைவை நிமிர் அச்சிலும் குறித்தால் வரைபடம் தயார். திரிபு 0.002இல் (அதாவது 0.2 சதவீதத்தில்) தொடங்கி, வரைபடத்தின் நேர்ப்பகுதிக்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். அது வளைகோட்டை வெட்டுமிடத்தில் விசை 36.8 கிலோநியூட்டன் என்றால் ஈல்டு வலிமை 300 மெகாபாஸ்கல்.

பெரும்பாலும் தவறு நேர்வது நேர்ப்பகுதியின் சரிவில்தான். எக்ஸ்டென்சோமீட்டர் இல்லாமல் இயந்திரத் தலையின் நகர்வை எடுத்தால், பிடிகளின் வழுக்கலும் சட்டத்தின் நெளிவும் திரிபோடு சேர்ந்துகொள்ளும். எஃகுக்குச் சரிவு 200 கிகாபாஸ்கல் அருகே வர வேண்டும். 60, 70 என்று வந்தால் அந்தச் சோதனையை நம்பவே வேண்டாம். தொடக்கத்தில் பிடி இறுகும்போது வரும் வளைந்த துண்டையும் விட்டுவிடுங்கள்: நேர்ப்பகுதியைக் கீழே நீட்டி, அது திரிபு அச்சைத் தொடும் இடத்தையே பூச்சியமாகக் கொள்ள வேண்டும்.