முருங்கை இலையும் மகளும்: என் அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வளவிலேயே முருங்கை நிற்கிறது. ஆனால் 6 வயது மகள் இலையைக் கண்டாலே தட்டைத் தள்ளுவாள். பருப்புக்குள் ஒளித்தேன், பொறுக்கி ஓரத்தில் வைத்தாள். அரைத்து ரொட்டி மாவில் கலந்தேன். பச்சை நிறமே காட்டிக்கொடுத்தது. ஒரு கிழமை வீண்.

அப்புறம் இலை ஆயும் வேலையை அவளிடமே விட்டேன். கொப்பை இரவு துணியில் சுற்றிவைத்து, காலையில் உதறினால் இலை கொட்டும். உதறுவதற்காகவே வெள்ளனவே எழும்பிவிட்டாள். இலையோடு நூல்போன்ற காம்புகளும் விழுந்தன. “அம்மா, இதுதான் தொண்டையில குத்துறது” என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள். சரி, அவளுக்குப் பிடிக்காதது கசப்பில்லை, காம்புதான்! நான் இவ்வளவு நாளும் அப்படியே போட்டுக்கொண்டிருந்தேன்.

புட்டுக்குக் குரக்கன் (கேழ்வரகு) மாவை நான் குழைத்துக் கொத்தினேன். இலையையும் தேங்காய்ப்பூவையும் கலந்து புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியில் போட்டது அவள். அன்று புட்டு இரண்டாம் தரமும் கேட்டாள்.