சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை: மழைக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை எந்த அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஈரமான சிமென்ட் ரேம்ப்பில் ஒரு கார் பாதி ஏறி நிற்கும். முன்சக்கரம் நின்ற இடத்திலேயே கீச்சென்று சுற்றும். பக்கத்தில் நிற்கிற வாட்ச்மேன், "இன்னும் கொஞ்சம் ரேஸ் குடுங்க சார்" என்பார். சாரும் கொடுப்பார். வண்டி மேலே ஏறுவதற்குப் பதில் மூக்கைத் திருப்பிக்கொண்டு சுவர் பக்கம் நகரும்.

முதல் தவறு அந்த ரேஸ்தான். சுற்றுகிற சக்கரத்துக்கு இன்ஜின் பலம் குறைந்துவிடவில்லை, கூடிப்போயிருக்கிறது. ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் தரும் திருகுவிசை சுமார் 110 நியூட்டன் மீட்டர். முதல் கியரும் ஃபைனல் டிரைவும் (சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கடைசிப் பல்சக்கர ஜோடி) சேர்ந்து அதை ஏறத்தாழ 14 மடங்கு ஆக்குகின்றன. டயரின் ஆரம் 30 சென்டிமீட்டர் என்றால், முழு ஆக்சிலரேட்டரில் தரையைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 500 கிலோ. ஆனால் தரை தாங்குவது எவ்வளவு? முன்சக்கரங்களின் மேல் 560 கிலோ எடை அழுத்துகிறது, வழவழப்பான ஈர சிமென்ட்டின் உராய்வு 0.4 என்று வைத்தால், சுமார் 225 கிலோதான். மிச்சமெல்லாம் டயரைத் தேய்க்கத்தான் பயன்படும். அதோடு, ஒருமுறை நன்றாக வழுக்க ஆரம்பித்துவிட்டால் பிடி இன்னும் குறையும். காலை எடுத்தால்தான் சக்கரம் மறுபடி தரையைப் பிடிக்கும்.

இப்போது அதே கார் சேலத்திலிருந்து திரும்பி வருகிறது என்று வையுங்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஒரு அரிசி மூட்டையும் தேங்காய்களும். மொத்தம் 1,200 கிலோ. ஆறடிக்கு ஓரடி உயரும் ரேம்ப்பில் அதை நிறுத்தி வைக்கவே 200 கிலோ விசை வேண்டும். சக்கரம் உருளத் தேவையானதையும் சேர்த்தால் கணக்கு 225-ஐத் தொட்டுவிடும். காலையில் காலியாகச் சுலபமாக ஏறிய வண்டி ராத்திரி ஏறாததற்கு இதுதான் காரணம். டிக்கிச் சுமை பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கவும் செய்கிறது. இரண்டு பேரை இறங்கச் சொல்லி, மூட்டையையும் கீழேயே இறக்கிவிட்டு ஏறுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

"வழுக்கினால் செகண்ட் கியரில் எடு" என்று ஒரு யோசனை உண்டு. சமதளத்தில், சேற்றிலோ ஈரப் புல்லிலோ மாட்டினால் நல்ல யோசனைதான். சக்கரத்துக்குப் போகும் விசை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அதையே சுமையோடு ரேம்ப்பில் செய்தால் விசை போதாமல் கிளட்ச்சைப் பாதி மிதித்தபடியே நிற்க வேண்டி வரும். இரண்டு நிமிடத்தில் கிளட்ச் வாசனை லிஃப்ட் வரைக்கும் போகும். ரேம்ப்புக்கு முதல் கியர், மெதுவான கால், நிற்காமல் ஒரே ஓட்டம். இவ்வளவுதான்.

அந்த வாசனையையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கிளட்ச் தேய்ந்த காரிலும் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. பலர் அதையும் 'வீல் வழுக்குது' என்று நினைத்து டயரை மாற்றிவிடுகிறார்கள். யாரையாவது வெளியே நிற்க வைத்துப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் டயர் பிரச்சினை. சக்கரம் அசையாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச். ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் பாகம்) உள்ள கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இன்ஜின் விசையை இரண்டு மடங்கு வரைக்கும் பெருக்கும். எலெக்ட்ரிக் காரில் முழு விசையும் முதல் நொடியிலேயே வந்துவிடும். இரண்டிலுமே ஈர ரேம்ப்பில் கால் பட்டும் படாமல் இருக்க வேண்டும். ஈகோ மோட் இருந்தால் அதில் போட்டுவிடுங்கள்.

அடுத்து ஹேண்ட்பிரேக். அதிகம் குழப்புவது இதுதான்.

எந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் பலம் போகிறது என்பதே தங்கள் காரில் பலருக்குத் தெரியாது. ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி கார்களில் முன்சக்கரத்துக்கு. ஆம்னி, பொலேரோவில் பின்சக்கரத்துக்கு. ஒரே பெயருக்குள்கூட மாறும்: இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர வண்டி, ஹைகிராஸ் முன்சக்கர வண்டி. ஹேண்ட்பிரேக் பிடிப்பதோ, பெரும்பாலும் எல்லாக் கார்களிலும் பின்சக்கரத்தை.

இன்ஜின் பலத்தை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷியல். அது இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் சேற்றில் இருந்தால் அதைச் சுற்ற ரொம்பக் குறைந்த விசையே போதும். அதனால் நல்ல தரையில் இருக்கிற இன்னொரு சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும். சும்மா சுற்றும் சக்கரத்தில் கொஞ்சம் பிரேக் போட்டால், அதைச் சுற்ற அதிக விசை தேவைப்படும், மறுபக்கத்துக்கும் அந்த அளவு கூடும். பொலேரோ ஓட்டுபவர்கள் சேற்றில் ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று கிளிக் இழுத்து, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்து வெளியே வருவது இப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு ஸ்விஃப்ட்டில் செய்தால்? பின்சக்கரத்தைக் கட்டிப்போட்டு முன்சக்கரத்தை இழுக்கச் சொல்கிறோம். முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சும்மா சுற்றும், வண்டி நகராது. ரேம்ப்பில் பின்னால் உருளாமல் நிறுத்த ஹேண்ட்பிரேக் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் கிளட்ச் கடித்ததும் முழுதாக இறக்கிவிட வேண்டும்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ள கார்கள் இதே வேலையைத் தாங்களாகவே, சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டுச் செய்கின்றன. சக்கர வேகத்தை அதற்குச் சொல்வது ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார். டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் "பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்று விட்டுவிடுகிறோம். அந்த விளக்கு எரியும்போது பெரும்பாலும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் தூங்கிக்கொண்டிருக்கும். சென்சாரில் ஒட்டிய சேறுகூடக் காரணமாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதனால் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இருந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஆழமான சேற்றில் மாட்டினால், இந்தக் கன்ட்ரோல் இன்ஜின் பலத்தையும் சேர்த்து வெட்டிவிடும். அப்போது மட்டும் பட்டனை அணைத்துப் பார்க்கலாம்.

சஸ்பென்ஷனை யாரும் சந்தேகப்படுவதில்லை. ரேம்ப் முடிந்து தெருவில் திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். கார் கோணலாக ஏறும்போது ஒரு முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, அது ஏறக்குறைய தொங்கும். ஸ்பிரிங் நன்றாக நீண்டு சக்கரத்தைக் கீழே இறக்கினால் பிழைத்தோம். ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறது என்று ஜே.சி. ரோட்டில் ரப்பர் பஃபர் வாங்கி ஸ்பிரிங் நடுவே சொருகியிருந்தாலோ, அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தாலோ, சக்கரம் அந்த அளவு இறங்காது. தரையை விட்டு எழும்பிய அந்த ஒரு சக்கரத்துக்கே டிஃபரென்ஷியல் எல்லாச் சுற்றையும் கொடுத்துவிடும். ரேம்ப்பில் வெட்டியிருக்கும் கோடுகளின் மேல் சக்கரம் டபடபவென்று துள்ளிக்கொண்டே வழுக்கினால் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுன்டிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதை டயர் கோளாறு என்று சொல்லிக் காற்றைக் குறைத்து அனுப்புகிற கடைகளும் உண்டு.

கடைசியாக, நிஜமாகவே ஆபத்தான ஒன்று. ஒரு சக்கரம் நின்று, மறுசக்கரம் மட்டும் சுற்றினால், பல கார்களில் ஸ்பீடாமீட்டர் காட்டுவதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் அது சுற்றுகிறது. முள் 60-இல் இருந்தால் டயர் 120-இல். டயர் வெடிக்கலாம், டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் சூடேறிக் கடித்துக்கொள்ளலாம். சக்கரத்துக்கு அடியில் வைத்த செங்கல் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பவர் முழங்காலைத் தேடிப் பறக்கலாம். மூன்று நான்கு முறை மெதுவாக முயன்றும் வரவில்லை என்றால் இழுத்துவிட ஆள் கூப்பிடுங்கள். பல கார்களில் டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில், ஜாக்கியோடு ஒரு இழுவைக் கொக்கி இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கழற்றி அதைத் திருகி மாட்ட வேண்டும். அது இல்லாமல் பம்பரிலேயே கயிறு கட்டினால், கார் அங்கேயே இருக்கும், பம்பர் மட்டும் ரேம்ப் ஏறிப் போகும்.