ஹெட்லைட் மினுக்குகிறதா? ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் விளக்கு எப்போது மினுக்குகிறது என்று கவனியுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் என்றால் சார்ஜிங்கை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த பல்பின் சாக்கெட்டையும் எர்த்தையும் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) பாருங்கள். மேடுபள்ளத்தில் மட்டும் என்றால் ஏதோ ஒரு கனெக்‌ஷன் லூஸ். ஐட்லிங்கில் மங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பளிச்சென்று ஆனால் மட்டும் சார்ஜிங் பக்கம் போங்கள். ஹாலோஜனை எடுத்துவிட்டு எல்இடி போட்ட பிறகு தொடங்கிய மினுக்கல், பெரும்பாலும் பல்புக்கும் வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டுக்கும் ஒத்துப்போகாததால் வருவது.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த அளவுகளை நம்ப முடியாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் பாகம்) கோளாறு. பல்புகள் அடுத்தடுத்து ஃபியூஸ் போவதும் இதனால் இருக்கலாம். புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே வோல்டேஜை ஏற்றி இறக்கும் என்பதால், ஒரு தடவை குறைவாகக் காட்டியதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அதிகம் பேர் விட்டுவிடும் சோதனை அடுத்தது. ஹெட்லைட், ஏசி புளோயர் இரண்டையும் போட்டு, இன்ஜின் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பாடியிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ வயரோ போகக் கூடாது. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை. ஓம்ஸில் அளந்தால் இது சிக்காது: 0.01 ஓம் தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது, ஆனால் 50 ஆம்பியர் ஓடும்போது அதுவே அரை வோல்ட்டைத் தின்றுவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, எர்த் வயரைக் கழற்றி லக்கின் (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) அடியைப் பாருங்கள். பெயின்டோ துருவோ வெள்ளைப் பொடியோ இருந்தால், பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவ் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையிலும் இதே போல அளந்து பாருங்கள்.

இவை சரியென்றால் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு (மாறுமின்னோட்ட அளவு) மாற்றி, இன்ஜின் ஓடும்போதே பேட்டரியில் அளவெடுங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடு போயிருக்கிறது. அப்போதுதான் ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழைய முறை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் இசியுவையே (வண்டியின் கம்ப்யூட்டர்) எரித்துவிடலாம்.