இன்வெர்ட்டர் பேட்டரியில் இன்னும் எவ்வளவு தெம்பு இருக்கிறது?

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) டியூபுலர் வகை பேட்டரி ஒன்று இருக்கிறது. பச்சை விளக்கு எரிந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஆச்சி நம்புகிறார்கள். அது சார்ஜ் ஏறியதை மட்டும்தான் காட்டும். (பேட்டரி ஆராய்ச்சி செய்யும் சிக்ரி இருக்கிற ஊரில் இதைச் சொல்லவே கூச்சம்தான்!)

முழுச் சார்ஜ் ஏற்றி, இன்வெர்ட்டரை அணைத்து, இணைப்பைக் கழற்றி நாலு மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு மல்டிமீட்டரை வைத்து வோல்ட் அளவைப் பாருங்கள். உடனே அளந்தால் மீட்டர் ஏமாற்றும். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் சரி.

அப்புறம்தான் உண்மையான சோதனை. மறுபடி இணைத்து, மெயினை அணைத்துவிட்டு, 150 வாட் அளவுக்கு மின்விசிறி, விளக்குகளை ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். இன்வெர்ட்டர் விழுங்குவதையும் சேர்த்தால் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். புது பேட்டரி 7, 8 மணி நேரம் தாங்கும். 4 மணி நேரத்திலேயே இன்வெர்ட்டர் கத்தினால் பேட்டரியின் தெம்பில் பாதி போய்விட்டது. 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், உடனே சார்ஜ் போடுங்கள்.

முழுச் சார்ஜில் பேட்டரியின் ஆறு அறைகளிலும் ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளி (அதாவது 0.050) குறைவாகக் காட்டினால் கோளாறு அந்த அறையில்தான். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். உள்ளே இருப்பது அமிலம்.