எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின்: துணை தேடுவதும் தன் கணக்கைத் தானே வைப்பதும்

இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். வீடு திரும்பியவரின் முன்னால் இருப்பதோ வாழ்நாள் முழுவதற்குமான சாப்பாட்டு ஒழுங்கும் குளிசைகளும் கிளினிக்குகளும் ஆகும். திருகோணமலையில் எனக்குத் தெரிந்த எல்லோரும் கொழும்பிலோ இந்தியாவிலோதான் இதைச் செய்துகொண்டு வந்தார்கள். கொழும்பே ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும்போது, "இன்றைக்கு ஒரு பிடி சோறுகூட இறங்கவில்லை, இது வழமைதானா?" என்று அன்றன்றே கேட்பதற்கு அருகில் ஆள் வேண்டும். எனக்கு ஸ்லீவ் சத்திரசிகிச்சை நடந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. அதே பாதையில் வந்த நால்வருடன் ஞாயிறுதோறும் கூடிப் பேசிவருகிறேன். அப்படியொரு சிறு துணைவட்டத்தை எப்படி அமைப்பது, அதற்குள் அவரவர் தன் பொறுப்பை எப்படித் தானே சுமப்பது என்பதை, எங்களுக்குப் பலித்ததையும் பலிக்காததையும் வைத்து எழுதுகிறேன்.

யாரைச் சேர்ப்பது

மூன்று பேர் முதல் ஆறு பேர் வரை போதும். அவர்களில் ஒருவராவது சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு வருடங்களைத் தாண்டியவராக இருப்பது மிக முக்கியம். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பகுதி வெட்டி அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோனைப் பெருமளவு சுரப்பதும் அந்தப் பகுதிதான். ஆகவே முதல் வருடத்தில் பசி அடங்கியிருக்கும், எடையும் தானாகவே இறங்கும், அதை நாம் நம்முடைய மனவுறுதி என்று எண்ணிக்கொள்வோம். பெரும்பாலானோருக்கு எடை ஒன்று முதல் இரண்டு வருடங்களுக்குள் அதன் மிகக் குறைந்த அளவைத் தொடும். அதன் பிறகு பசி மெல்லத் திரும்பும், பழைய பழக்கங்களும் அதனோடு சேர்ந்து எட்டிப் பார்க்கும். எல்லோரும் முதல் வருடத்துக்காரராக இருக்கும் வட்டம் ஒருவரையொருவர் பாராட்டுவதிலேயே காலத்தைக் கழித்து, உண்மையான வேலை தொடங்கும் நேரத்தில் கலைந்துபோகும்.

ஆட்களைக் கண்டுபிடிக்க, சத்திரசிகிச்சை செய்த இடத்திலுள்ள தாதியிடமோ போசணை ஆலோசகரிடமோ உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, நம் பக்கத்திலிருந்து வேறு யாரும் வந்தால் அவர்கள் விரும்பினால் மட்டும் கொடுக்கும்படி கேளுங்கள். மற்றவரின் இலக்கத்தை நீங்கள் கேட்க வேண்டாம். முடிந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே இந்தத் தொடர்பை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. கணவன், மனைவி, தாய் ஆகியோரை இந்த வட்டத்துக்குள் சேர்க்காதீர்கள் என்பதே என் கருத்து. அவர்களுடைய அன்பு நமக்கு வேண்டும், ஆனால் நாம் ஒளித்துச் சாப்பிட்டதை அவர்களிடம் சொல்வது வேறு, அதே ஒளிப்பைச் செய்தவரிடம் சொல்வது வேறு.

இரகசியம் பற்றி முதல் நாளே பேசி முடிவெடுங்கள். திருகோணமலை சிறிய ஊர். மத்திய சந்தையில் ஒருவர் கண்டதை மாலைக்குள் உப்புவெளியில் இன்னொருவர் அறிந்துவிடுவார். பித்தப்பைக் கல்லுக்காகச் சத்திரசிகிச்சை செய்தேன் என்று உறவினருக்குச் சொல்லி வைத்திருப்பவர்கள் பலர். வட்டத்தில் கேட்டதை வீட்டிலும் சொல்வதில்லை, படம் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் பகிர்வதில்லை என்ற மூன்றையும் ஒவ்வொருவரும் வாய்விட்டு ஒப்புக்கொண்ட பிறகே எங்கள் பேச்சு தொடங்கியது.

சந்திக்கும் இடம் சாப்பாடு இல்லாத இடமாக இருக்க வேண்டும். நாம் கூடினாலே தேநீரும் வடையும் வந்துவிடும் என்பதால் இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். டச்சுக்குடாக் கடற்கரையில் மாலையில் கடலை வண்டிகள் வந்து நிற்கும், ஆகவே நாங்கள் காலை ஆறு மணியைத் தேர்ந்தெடுத்தோம். கோட்டை வாசலில் கூடி, மான்கள் மேயும் வழியாகக் கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினால் நடையும் முடிந்துவிடும், பேச்சும் முடிந்துவிடும். கிண்ணியாவிலிருந்து வரும் தங்கைக்கு எல்லா ஞாயிறும் வர முடியாது; அந்நாட்களில் அவர் தொலைபேசியில் இணைகிறார்.

கிலோக் கணக்கைப் பேசாதீர்கள்

எங்கள் வட்டத்தின் மிகப் பயனுள்ள விதி, தராசு காட்டிய எண்ணை அங்கே சொல்லக்கூடாது என்பதாகும். ஒருவருக்கு ஸ்லீவ், இன்னொருவருக்கு இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் பைபாஸ். ஒருவருக்கு முப்பது வயது, இன்னொருவருக்கு ஐம்பத்தைந்து. ஒருவர் இன்சுலின் போடுகிறார், இன்னொருவர் போடுவதில்லை. இவர்களுடைய கிலோக்கள் ஒரே வேகத்தில் இறங்கா. எண்ணைச் சொல்லத் தொடங்கிய எங்கள் முதல் மூன்று மாதங்களில், மெதுவாக இறங்கியவர் வெட்கப்பட்டு வராமல் விட்டார், வேகமாக இறங்கியவர் குளிசைகளைக் கவனிக்காமல் விட்டார். இரண்டுமே எங்கள் பிழைதான்.

எண்ணுக்குப் பதிலாக, அந்த வாரம் நம் கையில் இருந்த நான்கு விடயங்களைச் சொல்கிறோம்: புரதம், தண்ணீர், குளிசை, நடை. புரதம் நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் என்பது பொதுவான அறிவுரை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேலும் இருக்கின்றன. கடற்கரையூரில் வாழும் நமக்கு இது எட்டாத இலக்கன்று. தட்டில் மீனையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, இடமிருந்தால் மட்டும் இடியப்பத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரை நாள் முழுவதும் சிறிது சிறிதாக 1.5 லீற்றருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். சாப்பிடும்போது குடிக்காமல், சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழிந்த பிறகே தொடங்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசைக்கும் கல்சியம் குளிசைக்கும் இடையில் இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சேர்வது குறையும். இந்தக் கடைசி விடயம் எங்களில் மூவருக்குத் தெரியாமலே ஒரு வருடம் ஓடிப்போயிருந்தது.

இவற்றைச் சொல்ல ஒரு கொப்பி வேண்டும். சாதாரண எண்பது பக்கக் கொப்பி போதும். இடப்பக்கத்தில் வாய்க்குள் போனது, வலப்பக்கத்தில் நேரமும் இடமும் மனநிலையும். என் கொப்பியின் ஒரு வரி இப்படி இருக்கிறது: "மாலை 5.40. செத்தவீடு. பணிஸ் பாதி. பசியில்லை. கொண்டுவந்து தந்த மாமியின் முகத்துக்காக." இப்படி இருபது வரிகள் சேர்ந்ததும், நான் பசிக்காகச் சாப்பிட்டதைவிட முகங்களுக்காகச் சாப்பிட்டதே அதிகம் என்பதைக் கண்டேன். எடையை வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்தில் பார்த்து இந்தக் கொப்பியில் மட்டும் குறியுங்கள். எத்தனை கிலோ திரும்பி ஏறினால் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுப்பது என்ற எல்லையை, ஏறுவதற்கு முன்பே வைத்தியரோடு பேசி அதன் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எனக்கு அது மூன்று கிலோ.

ஒளித்ததைச் சொல்வதும் அதைக் கேட்பதும்

இரண்டாவது வருடத்தில் நான் மாலைத் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடத் தொடங்கினேன். சிறிய இரைப்பைக்கு இறைச்சித் துண்டு தடையாக நிற்கும். நனைந்த பிஸ்கட்டோ தடையின்றி வழுக்கி இறங்கும், ஒன்றுக்குப் பின் ஒன்றாக எட்டு இறங்கினாலும் வயிறு நிறைந்த உணர்வு வராது. மூன்று மாதங்கள் அதைக் கொப்பியில் எழுதவில்லை. நான்கு கிலோ ஏறியது. முதல் பக்கத்தில் நானே எழுதிய எல்லையைத் தாண்டியிருந்தும் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.

கோயில் வழியிலுள்ள ஒரு கல்லில் இருந்து இதை நான் சொன்னபோது, எங்களில் இளையவரான தம்பி அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "அக்கா, அந்தப் பிஸ்கட் டின் வீட்டில எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ரீவிக்குப் பக்கத்தில் என்றேன். "நாளைக்கு எங்க வைப்பீங்க?" என்றார். அன்று மாலையே பிள்ளைகளின் அறையிலுள்ள உயரமான அலுமாரிக்கு டின் போனது, மறுநாள் கிளினிக்குக்கும் பேசினேன்.

கேட்பவர் செய்ய வேண்டியதெல்லாம் அந்த இரண்டு கேள்விகளுக்குள் இருக்கிறது. "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் சொன்னவர் காரணம் தேடத் தொடங்குவார். "எங்கே, எப்போது, நாளைக்கு என்ன" என்று கேட்டால் வழி தேடத் தொடங்குவார். "பரவாயில்லை, எல்லாருக்கும் நடக்கிறதுதானே" என்று உடனே தட்டிக்கொடுப்பதையும் நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் சொல்ல வந்தவரின் பேச்சை அது பாதியிலேயே மூடிவிடுகிறது. சொல்பவரும், அடுத்த ஞாயிறு வரை தான் செய்யப்போகும் ஒரேயொரு மாற்றத்தைத் தன் வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதைச் செய்தாரா என்று நாங்கள் வாரநடுவில் துருவுவதில்லை. அடுத்த வாரம் அவரே முதலில் பேசுவார்.

வட்டம் வாய்மூட வேண்டிய இடங்கள்

"எனக்கும் இப்படித்தான் வந்தது, தானாகப் போய்விட்டது" என்ற ஆறுதல் சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகும். முதல் வாரங்களில் காய்ச்சல், கூடிவரும் வயிற்றுவலி, ஓய்விலும் குறையாத வேகமான நாடித்துடிப்பு ஆகியவை இரைப்பைத் தையலில் கசிவு ஏற்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு கால் வீங்கி வலிப்பதும் திடீர் மூச்சுத்திணறலும் இரத்தக்கட்டியின் அடையாளங்களாக இருக்கலாம். இவற்றைக் கேட்டவுடன் பேச்சை நிறுத்தி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாட்கணக்கில் தொடரும் வாந்தியையும் வழமையென்று விட்டுவிடக் கூடாது. அது விற்றமின் பி1 குறைபாட்டை உண்டாக்கி நரம்புகளையும் மூளையையும் தாக்கக்கூடும் என்பதால், சத்திரசிகிச்சை செய்துகொண்டதை முதல் வசனத்திலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். ஒரு சிறு குறிப்பு: நம் ஊரில் பைபாஸ் என்றால் இதயத்தைத்தான் நினைப்பார்கள். அதைச் செய்தவர்கள், சத்திரசிகிச்சை விவரத்தைக் குறித்துப் பணப்பையில் வைக்கும் அட்டையில் "இரைப்பை பைபாஸ்" என்றே எழுதுங்கள்.

அந்த அட்டை மருந்துக்கடையிலும் உதவும். எங்களில் பைபாஸ் செய்த ஒருவருக்கு முழங்கால் வலிக்காக ஒரு கடையில் டைக்குளோபெனாக் கொடுத்துவிட்டார்கள். அவ்வகை வலிநிவாரணிகள் பைபாஸுக்குப் பின் குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடும். புகைத்தலும் அதே தீங்கைச் செய்யும். நீரிழிவு, இரத்த அழுத்தக் குளிசைகளின் அளவு எடை இறங்க இறங்க மாற வேண்டியிருக்கும், ஆனால் அதை மாற்றுவது வைத்தியர் மட்டுமே. வட்டத்தில் ஒருவர் நிறுத்திவிட்டார் என்பதற்காக மற்றவர் நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தைக் குறைந்தது 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடும்படி பொதுவாக அறிவுறுத்துவார்கள், பெண்கள் இதைத் தங்களுக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். மூன்றாம், நான்காம் மாதத்தில் முடி கொட்டுவது மட்டும் வட்டம் ஆறுதல் சொல்லத் தகுந்த விடயம்: அது பெரும்பாலும் நின்று மீண்டும் வளரும், புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

மதுவைப் பற்றிப் பேசத் தயங்க வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் பின், குறிப்பாக பைபாஸுக்குப் பின், மது வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது, அதற்கு அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை இழந்த மனம் வேறொன்றைத் தேடும் என்பதையும் நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம். மனம் இருண்டு வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் எந்நேரமும் இயங்குகிறது.

விரதமும் விருந்தும்

கந்தசஷ்டியோ நோன்போ வருவதற்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் கேளுங்கள், முதல் வருடத்தில் கேட்காமல் எதையும் பிடிக்க வேண்டாம். தண்ணீர்கூட இல்லாமல் பகல் முழுவதும் இருப்பது, ஒரே தடவையில் நிறையக் குடிக்க முடியாத இரைப்பைக்கு எளிதில் ஈடுசெய்ய முடியாத இழப்பாகும். கலியாண வீட்டுக்குப் போகுமுன் வட்டத்தில் ஒருவரை அழைத்து, என்ன சாப்பிடப்போகிறேன், பரிமாறுபவர் வற்புறுத்தினால் என்ன சொல்வேன் என்பதைச் சொல்லிவிட்டுப் போவது எங்களுக்குப் பெரிதும் உதவியது. "கொஞ்சம் பொறுத்து வாங்குறன் அண்ணை" என்பது யாரையும் நோகச் செய்யாத பதில்.

ஒருவர் வராமல் விட்டால்

இரண்டு ஞாயிறுகள் தொடர்ந்து ஒருவர் வராவிட்டால், எடை ஏறியிருக்கிறது, அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்பதே பெரும்பாலும் காரணம். குழுவாக அழைக்காதீர்கள், அது விசாரணையைப் போலிருக்கும். அவரோடு நெருக்கமான ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய், எடையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், தன் சொந்தக் கொப்பியில் அந்த வாரம் சறுக்கிய பக்கத்தை முதலில் வாசித்துக் காட்டட்டும். போகும்போது நம் வழக்கப்படி பிஸ்கட் பெட்டியோ வாழைப்பழச் சீப்போ வாங்கிக்கொண்டு போக வேண்டாம். வெறுங்கையோடு போக மனம் வராவிட்டால் ஒரு முழம் மல்லிகைப்பூ போதும்.